பல்புக்கு வைத்த பொட்டு

கோழையைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்து இருபது வருஷம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பச்சையாகவோ, மஞ்சளாகவோ, ரத்தக் கோடு ஓடியோ எது வந்தாலும் அது எனக்கு வேலைச் சாமான். குச்சியால் கொஞ்சம் எடுத்து ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் தடவுவேன். காய வைத்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, ஆசிட்டில் கழுவி, நீலச் சாயம் ஊற்றி, மறுபடி கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். நீலத்துக்கு நடுவில் சிவப்பாகக் குட்டிக் குட்டிக் குச்சிகள் தெரிந்தால் டிபி. தெரியாவிட்டால் இல்லை. என் பிழைப்பு இதுதான்.

கோழையிடம் வராத குமட்டல் எனக்கு ஒரு மஞ்சள் பொட்டிடம் வந்தது. இப்போதும் யாராவது புது மிக்ஸிக்கோ புது குக்கருக்கோ பொட்டு வைத்தால் நான் அடுக்களையை விட்டு வெளியே போய்விடுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். சாமி விஷயத்தில் ஏன் இப்படி மூஞ்சியைச் சுளிக்கிறாய் என்கிறார்கள். சாமி மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சாமி பாட்டுக்குச் சும்மா இருந்தது. பொட்டு வைக்க விட்டவள் நான்.

நான் வேலை பார்ப்பது ஆந்திர எல்லையில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில். டாக்டர் ஒருவர். நோயாளியைப் பார்ப்பது, மருந்து எழுதுவது, அதோடு அவர் சரி. மற்றதெல்லாம் அவருடைய மனைவி. நாங்கள் மேடம் என்போம். பாதி தெலுங்கில்தான் பேசுவார், இல்லையா என்பதற்கு வாய்க்கு வாய் கதா என்பார். பீரோ சாவி, சாமான் வாங்குவது, எங்கள் லீவு, வெள்ளிக்கிழமை பூஜை எல்லாம் அவர் கையில். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வந்திருக்கும்.

என் மைக்ராஸ்கோப் எனக்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது. இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கிற மாடல். தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் அடியிலிருந்து வர வேண்டும். அதற்காக அதன் பாதத்துக்குள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு ஹாலஜன் பல்பு, இரண்டு ஊசிக்கால்களோடு சொருகியிருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் மிஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அடியில் இருக்கிற மூடியைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு விதி உண்டு. அந்தப் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. எரியும்போது அதற்கு அவ்வளவு சூடு. விரலில் இருக்கும் பிசுக்கு பட்டால்கூட அந்த இடம் கருகி, கண்ணாடி பொரிந்து, பல்பு கெட்டுவிடும். துணியிலோ காகிதத்திலோ பிடித்துத்தான் சொருக வேண்டும். அட்டைப் பெட்டியிலேயே ஒரு கையை வரைந்து, அதன் மேலே குறுக்குக் கோடு போட்டிருப்பான். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

எனக்குப் படிக்கத் தெரியும். அது வேறு.

தசரா வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்குக் கருவியைத் துடைத்து வைத்தால் மட்டும் போதாது, சந்தனத்தைக் குழைத்து அப்ப வேண்டும். எடை பார்க்கிற மிஷினுக்கு மாலை, ஸ்டெதாஸ்கோப்புக்குக் குங்குமம், ஊசி வைக்கிற டிரேக்குப் பொட்டு, ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு விபூதிப் பட்டை. மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு கண்ணிலும் இரண்டு பொட்டு, வெளிச்சம் மேலே வருகிற அடிக் கண்ணாடியில் நன்றாக அகலமாக ஒன்று. மேலே சாமந்தி. பூவுக்குள்ளிருந்து எறும்பு. பூஜை முடிந்து மறுநாள் நான் செய்கிற வேலை சுரண்டுகிற வேலை. காய்ந்த சந்தனத்தைத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, பஞ்சால் ஒற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கடைசியில் திருகிடுக்கில் மாட்டிய குங்குமத்தை ஊசியால் குத்தி எடுப்பேன். வருஷா வருஷம் இதைச் செய்கிறேன். வருஷா வருஷம் எரிச்சல்பட்டுக்கொண்டே செய்கிறேன். ஒரு வருஷமாவது, மைக்ராஸ்கோப்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை.

அந்த வருஷம் துடைத்து முடித்து சுவிட்சைப் போட்டால் பல்பு எரியவில்லை. அது பொட்டால் போகவில்லை, வயசாகிப் போனது. பீரோவில் ஒரே ஒரு பல்பு மீதி இருந்தது. மேடத்திடம் சாவி கேட்டு எடுத்து வந்து, மிஷினைப் படுக்க வைத்து, டிஷ்யூ காகிதத்தில் பல்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு அறையாக ஆரத்தி காட்டிக்கொண்டு வந்த மேடம் வாசலில் நின்றார்.

"ஏம்மா, புதுசு கதா அது? பொட்டு இல்லாமலே மாட்டறியா?"

"மேடம், இது சூடாகற பல்பு..."

"சூடானா என்னா? கேஸ் ஸ்டவ்வுக்கு வெக்கலையா? இலா இவ்வு."

இங்கே கொடு என்று கையை நீட்டினார். திரியைத் தூண்டிய நெய் அந்த விரல்களில் பளபளத்தது. நான் கொடுத்தேன். டிஷ்யூவை விலக்கிவிட்டு, இரண்டு விரலால் பல்பின் கண்ணாடியைப் பிடித்து, மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். நல்ல வட்டமாக வைத்தார். அவ்வளவு சின்னக் கண்ணாடியில் அவ்வளவு வட்டமாக வைக்க ஒரு கைப்பழக்கம் வேண்டும். கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று கேட்டால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் லீவு கேட்டிருந்தேன். அந்த வாரம் அவர் முகம் கோணக் கூடாது என்று நினைத்தேன். நாலு நாள் லீவு. வேலை போய்விடும் என்கிற பயமோ, குடும்பத்தில் கஷ்டமோ இருந்திருந்தால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது இருந்திருக்கும். லீவு கிடைத்தது. முறுக்கு சுட்டேன்.

அவர் அடுத்த அறைக்குப் போனதும் ஸ்பிரிட்டால் பொட்டைத் துடைத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. துடைக்கப் போனேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கிறதா என்று கை நின்றுவிட்டது. இதில் மேடம் மட்டும் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அப்படியே சொருகி, மூடியை மூடி, சுவிட்சைப் போட்டேன். முதலில் தாளிக்கும்போது மஞ்சள் தீய்கிற வாசனை வந்தது. பின்னாலேயே நெய் கருகிய நாற்றம். மேடம் திரும்பி வந்து மூக்கை இழுத்து மோந்து பார்த்தார்.

"எவ்ளோ மங்களகரமா இருக்குது பாரு. வெளிச்சம் கூட மஞ்சளாதான் வருது."

வந்தது. மஞ்சளாகத்தான் வந்தது. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பல்பைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி பொட்டு கண்ணாடியோடு ஒன்றாகிப் போயிருந்தது. விரல் பிடித்த இடங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

அடுத்த நாளே போய்ச் சொன்னேன். பல்பு மங்கிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்றேன்.

"எரியுது கதா?"

"எரியுது மேடம். ஆனா..."

"எரியற பல்பை எவராவது மாத்துவாங்களா? போனப்புறம் செப்பு, வாங்கிக்கலாம்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எரிகிற பல்பை யாரும் மாற்றுவதில்லை. போனால்தான் மாற்றுவோம். அவர் பார்வையில் பல்புக்கு இரண்டே நிலைமை, எரிகிறது, எரியவில்லை. மங்கலாக எரிகிறது என்பது அவருக்கு நான் பெரிதுபடுத்துகிற விஷயம். பிறகு இரண்டு தடவை சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் ஆஸ்பத்திரி, உன் பல்பு, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். என் கைக்காசில் வாங்கியிருக்கலாம். ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்து ஓரம் அடிக்கிற செலவுதான். நான் ஏன் வாங்க வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது. அந்த வீம்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

அந்த வெளிச்சத்தில் நீலம் பாசி நிறமாகத் தெரிந்தது. சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வித்தியாசம் கலங்கிய குட்டைக்குள் போய்விட்டது. வெளிச்சத்தைக் கூட்டுகிற குமிழைக் கடைசி வரை திருகி வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு ஸ்லைடில் நூறு இடமாவது பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுத வேண்டும். முப்பது நாற்பதிலேயே புருவத்துக்கு மேல் வலி பிடுங்கும். கண்ணை எடுத்துவிட்டு, இவ்வளவு நேரம் தெரியாதது இனிமேலா தெரியப் போகிறது என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். காலையில் வேலை ஆரம்பிக்கும் முன், டிபி உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு ஸ்லைடை வைத்துப் பார்த்து, மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதையும் விட்டுவிட்டேன். யார் கேட்கிறார்கள்?

கார்த்திகை மாதம் அவள் வந்தாள். நகரியில் ஒரு பவர்லூமில் நூல் சுற்றுகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். செருகிய முந்தானையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் எழுதிய சீட்டை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எத்தினி நாளா இருமல்?" என்றேன்.

"ரெண்டு மாசமா இருமிக்கினேதான் இருக்கறேன்க்கா. பஞ்சு தூசின்னு வுட்டுட்டேன். இப்ப சோறு துன்ன முடியல. ஒடம்பு எளைச்சிப் போச்சு." முந்தானைப் பஞ்சைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "எங்க நைனா டிபிலதான் செத்தாரு. அதான் பயமா இருக்குது."

டப்பா கொடுத்தேன். அப்போதே ஒன்று, மறுநாள் காலையில் எழுந்ததும் ஒன்று, இரண்டு தடவை துப்பிக் கொடுத்தாள். இரண்டு ஸ்லைடு போட்டேன். முதலாவதில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஓர் இடத்தில் பழுப்பாக இரண்டு மூன்று கோடுகள் கிடந்தன. நின்று பார்த்தேன். குமிழைத் திருகினேன், அது ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தது. சாயக் கசடு என்று முடிவு கட்டினேன். சரியாக வடிகட்டாத சாயம் அப்படித்தான் படியும், நூறு தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலை வலித்தது. நெகடிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நெகடிவ்னா இல்லன்னுதானேக்கா?"

"இல்ல. டிபி இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா. இல்ல."

அவள் சீட்டை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டாக்டர் எதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடு என்று எழுதிக் கொடுத்தாராம். அவள் எடுக்கவில்லை. ஒரு நாள் வேலை போகும், அதுதான் இல்லை என்று சீட்டு இருக்கிறதே என்று நினைத்தாளாம். இதைப் பிற்பாடு அவளே சொன்னாள். இருமலுக்கு சிரப்பும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு போனாள்.

சங்கராந்திக்கு முந்தின வாரம் பல்பு முழுதாகப் போயிற்று. போய்ச் சொன்னதும் மேடம் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "இப்ப போச்சு கதா, இப்ப மாத்து. நல்லதா பாத்து வாங்கு, காசு பாக்காத" என்றார். பெருந்தன்மை. எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

இந்த மாடலுக்குப் பல்பு கிடைப்பது கஷ்டம் என்று போனில் சொன்னார்கள். மிஷினையே எடுத்து வாருங்கள், எல்இடி போட்டுத் தருகிறோம் என்றார் திருப்பதியில் மைக்ராஸ்கோப் ரிப்பேர் செய்கிறவர். மரப்பெட்டியில் வைத்து, மடியில் இருத்திக்கொண்டு பஸ்ஸில் போனேன். தையல் மிஷினா என்று பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள். ஆமாம் என்றேன். வடமாலபேட்டை வருவதற்குள் தன் பெண்ணுக்கு ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரிப்பேர்க்காரருக்கு என் வயது இருக்கும். சந்துக்குள் ஒரு கடை, மேஜை முழுக்கத் திருகாணி. இடுக்கியால் பழைய பல்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் கண்ணாடி கொப்புளமாக உப்பியிருந்தது. இன்னொரு பக்கம் கரும்பழுப்பாக ஒரு வட்டம். அந்த வட்டம் கொஞ்சமும் கலையவில்லை.

"இது பொட்டா அம்மா?"

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். லென்ஸுக்குப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டாம், தசரா முடிந்தால் தனக்கு அந்த வேலைதான் அதிகமாம், ஆனால் பல்புக்கே பொட்டு வைத்து எரித்ததை இப்போதுதான் பார்க்கிறாராம். யார் வைத்தது என்று கேட்டார். எங்கள் மேடம் என்று சொல்ல நாக்கு துடித்தது. தெரியவில்லை என்றேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் மேல் எனக்குக் கொஞ்சம் குறைவாக வெறுப்பு.

பல்பு சொருகுகிற பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்ன அலுமினியத் தகட்டில் ஒட்டிய எல்இடி விளக்கைப் பொருத்தினார். பழைய கரெண்டு அதற்கு ஆகாது என்று அதற்கென்று ஒரு சின்ன சர்க்யூட்டையும் பாதத்துக்குள் வைத்து மூடினார். குமிழ் மட்டும் அதே பழைய குமிழ். இது சூடாகாது, வருஷக்கணக்கில் வரும் என்றார். சோதித்துப் பார்க்க ஸ்லைடு இருக்கிறதா என்று கேட்டார். டிபி உண்டு என்று தெரிந்த அந்தச் சோதனை ஸ்லைடைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தேன். வைத்தேன். கண்ணைப் பதித்தேன்.

வெள்ளை. துவைத்துக் காய்ந்த வேட்டியின் வெள்ளை. அதன் மேல் நீலம் நீலமாக இருந்தது, சிவப்பு சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பாகுந்தா?" என்று கேட்டார்.

நன்றாக இருந்தது. இதே ஸ்லைடை அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? கடையிலேயே உட்கார்ந்து அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பார்த்தேன். பழுப்பாக இரண்டு மூன்று கோடுகள். சாயக் கசடு. நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

திரும்பும் பஸ் முழுக்க மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். மொட்டைத் தலைகளில் ஈரச் சந்தனம். எனக்கு முன் சீட்டுக்காரரின் தலையிலிருந்து சந்தனம் வேர்வையோடு வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கியது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தேன்.

பார்த்த ஸ்லைடை உடனே எறியக் கூடாது. பார்ப்பதற்காக மேலே விட்ட எண்ணெயைத் துடைத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கிச் சில மாதம் வைத்திருக்க வேண்டும், மேலிருந்து யாராவது வந்து மறுபடி பார்ப்பார்கள் என்று ஒரு முறை உண்டு. யாரும் வரவில்லை. மறுநாள் காலையில் நானே பெட்டியைத் திறந்தேன். தசராவுக்கு அப்புறம் நெகடிவ் என்று எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இந்தத் தடவை ஒழுங்காக நூறு நூறு இடம் பார்த்தேன். மற்றவை நெகடிவ்தான். அவளுடைய முதல் ஸ்லைடும் நெகடிவ்தான். இரண்டாவதை வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. கொத்துக் கொத்தாகச் சிவப்பு. நான் கசடு என்று சொன்ன இடமும் அங்கேயே இருந்தது. அதைச் சுற்றி, நான் பார்க்காமல் போன இடங்களிலும் இருந்தன.

எழுந்து போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். இருபது வருஷம் எத்தனையோ பேருடைய கோழையில் வராதது அன்றைக்கு வந்தது.

மேடத்திடம் சொன்னேன். பொட்டைப் பற்றியும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, என் நல்லதுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"பழச ஏன் தோண்டறே? அவள வரச்சொல்லு, கொத்தகா, புதுசா டப்பா கொடு, புதுசா ரிப்போர்ட் எழுது. அப்ப இல்ல, இப்ப வந்திருக்குதுன்னு சொல்லிடு. வரக் கூடாதா என்ன? அந்த ஸ்லைட கழுவி வெச்சிடு."

இதைக் கேட்டு எனக்கு அருவருப்பு வந்தது என்று எழுதினால் பொய். நிம்மதியாக இருந்தது. முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தார்கள். மருந்து எப்படியும் கிடைக்கப் போகிறது, எப்போது வந்தது என்று தெரிந்து அவளுக்கு என்ன ஆகப் போகிறது என்று கணக்குப் போட்டேன். ஸ்லைடை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குழாயைத் திறந்தும் விட்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லைடைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தேன். ஓரங்களை மட்டும் தொட்டு, கண்ணாடியில் விரல் படாமல், எவ்வளவு பக்குவமாகப் பிடித்திருக்கிறேன். விரல் படக் கூடாது என்று தெரிந்த கை. அன்றைக்கு எங்கே போயிற்று இந்தப் பக்குவம்? குழாயை மூடிவிட்டு ஸ்லைடைப் பெட்டியிலேயே வைத்தேன். நோட்டில் அவள் பேருக்கு எதிரே நெகடிவ் என்று எழுதியதை அடித்து, மறுபடி பார்த்ததில் பாசிடிவ் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மருந்து தொடங்குமுன் மறுபடி பார்க்க இரண்டு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து நகரிக்குப் போனேன்.

அந்தத் தெருவில் பேசுவதென்றால் கத்த வேண்டும். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தாள். கதவைத் தள்ளியதும் உள்ளே உட்கார்ந்திருந்தது அவளுடைய அம்மாவோ என்று எனக்குத் தோன்றியது. தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே சோறு எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"வாங்கக்கா. என்னா இவ்ளோ தூரம்?"

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"உனக்கு டிபி இருக்குதும்மா. இப்ப வந்தது இல்ல. நீ அன்னிக்கி துப்பிக் குடுத்தியே, அதுலயே இருந்துது. வெளிச்சம் சரியா இல்ல, எனக்குத் தெரிஞ்சே அதுல பாத்து இல்லன்னு எழுதிட்டேன். தப்பு என்னுது. மருந்து சும்மாவே குடுப்பாங்க. ஆறு மாசம் துன்னா சரியாப் போயிடும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவாள், என் தலைமுடியைப் பிடிப்பாள் என்றெல்லாம் ஆட்டோவில் வரும்போதே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். குழந்தையின் கையைப் பிடித்து, வாய்க்குப் போய்க்கொண்டிருந்த சோற்றை விரலால் எடுத்துத் தட்டில் போட்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது.

"பயந்துக்கினு இவள எங்கத்தகிட்டதான் படுக்க வெச்சிக்கினு இருந்தேன்க்கா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா முத்தம் கூட குடுக்கல. ஒரு மாசம். எங்கூட படுக்கணும்னு அழுவா, கதவ சாத்திக்குவேன். நீங்க இல்லன்னு சொன்னீங்களே, அன்னிலேந்துதான் எம்பக்கத்துல போட்டுக்கறேன்."

தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பையிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தேன். அவள் அதை எண்ணிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணாக்கா?"

இரண்டும் அவளுக்குத்தான். நாலு வயதுக் குழந்தைக்கு டிபி ஒட்டியிருந்தாலும் கோழையைக் காறித் துப்பத் தெரியாது. விழுங்கிவிடும்.